மதம் மாற்றக் கட்டிய இரண்டு வீடுகள்

பாரிஸில் நோத்ர்-தாம்-தெ-ஷான் தெருவில் சியோன் சபையின் வீடு. புடாபெஸ்டில் வொரொஷ்மார்ட்டி தெருவில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் யூத மிஷன். முன்னது கத்தோலிக்கர்களுடையது, பின்னது கால்வின் வழிவந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுடையது. ஒரு வீட்டார் செய்யும் வழிபாடு மற்ற வீட்டாருக்குச் சகித்துக்கொள்ள முடியாத ஒன்று. ஆனாலும் இரண்டு வீடுகளும் ஏற்பட்ட நோக்கம் ஒன்றுதான்: யூதர்களைக் கிறிஸ்துவிடம் கொண்டுவருவது. ஏற்பட்ட காலமும் கிட்டத்தட்ட ஒன்று. மிஷன் 1841-இல் தொடங்கியது, சபை 1843-இல். ஒரு நூற்றாண்டு கழித்து யூத வெறுப்பு முதலில் சட்டமாகவும் பிறகு ரயிலாகவும் வந்தபோது, இரண்டு வீடுகளும் யூதக் குழந்தைகளுக்குப் புகலிடமாயின.

இதைக் கிறிஸ்தவ அன்பின் வெற்றி என்று எழுதிவிட்டு எழுந்துபோகிறவர்கள் உண்டு. உயிர் காத்ததும் மதமாற்ற ஆசையின் இன்னொரு முகம்தான் என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டு வீடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டு தீர்ப்புகளுமே அவசரத்தில் எழுதியவையாகத் தோன்றும்.

பிறப்பிலிருந்து தொடங்குவோம். இரண்டும் திட்டமிட்டுப் பிறந்தவை அல்ல. 1839-இல் யூதர்களின் நிலையை அறிந்துவர ஸ்காட்லாந்துத் திருச்சபை நான்கு போதகர்களைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பியது. ஹங்கேரி அவர்கள் பயணத் திட்டத்திலேயே இல்லை. நால்வரில் அலெக்சாண்டர் பிளாக் ஒட்டகத்திலிருந்து விழுந்தார். அவரும் அலெக்சாண்டர் கீத்தும் வயதில் மூத்தவர்கள் என்பதால் டான்யூப் நதி வழியாக முன்கூட்டியே ஊர் திரும்பினார்கள். இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதியான பெஸ்ட் நகரில் கீத் நோயுற்றுச் சாகும் நிலைக்குப் போனார். ஹங்கேரியை ஆண்ட இளவரசரின் மனைவி மரியா டொரோத்தியா, கத்தோலிக்க அரண்மனைக்குள் வாழ்க்கைப்பட்ட புராட்டஸ்டண்ட். யாரோ வரப்போகிறார்கள் என்ற உள்ளுணர்வு இரவுகளில் அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது என்று மிஷன் வரலாறு சொல்கிறது. அவர் வந்து கீத்தைப் பார்த்தார். இங்கேயே ஒரு மிஷனைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

மூன்றாண்டுகளுக்குள் ரோமில் இதன் கத்தோலிக்கப் பிரதி நடந்தது. ஸ்ட்ராஸ்பர்க் யூத வங்கிக் குடும்பத்துப் பிள்ளை அல்ஃபோன்ஸ் ரத்திஸ்பான், மதம் மாறிப் பாதிரியாராகிவிட்ட அண்ணன் தெயோதோர்மீது தீராத கோபத்தில் இருந்தவர். ரோமில் ஒரு பிரபு, சவால் விடுவதுபோல் ஒரு மாதா பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அல்ஃபோன்ஸ் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார். 1842 ஜனவரி 20 அன்று, சாந்தந்திரியா தெல்லெ ஃப்ராத்தே ஆலயத்தில் அந்தப் பிரபு ஒரு சவ அடக்க ஏற்பாடு பேசி முடிக்கும்வரை காத்திருந்தபோது, மாதாவின் காட்சி கிடைத்ததாகச் சொல்லி மண்டியிட்டார். யூதக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று அண்ணனைத் தூண்டியவர் அவரே. அந்த இல்லத்திலிருந்துதான் சியோன் சபை வளர்ந்தது.

ஒட்டக விபத்து, சவ அடக்க ஏற்பாடு. அரசகுலப் பெண்ணின் உள்ளுணர்வு, வங்கிக்காரர் மகனின் காட்சி. நம்பிக்கையாளர்கள் இவற்றில் இறைவனின் கை தெரிகிறது என்பார்கள். வரலாற்றாளருக்கு வேறொன்று தெரியும்: யூதர்களுக்கென்று தனி மிஷன் வேண்டும் என்ற எண்ணம் 1840-களின் ஐரோப்பாவில் காற்றோடு கலந்திருந்தது. எந்தத் தற்செயலும் அதற்குப் போதுமானதாக இருந்தது. பெஸ்டில் ஒரு தந்திரமும் தேவைப்பட்டது. ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் அந்நியப் புராட்டஸ்டண்ட் மிஷனுக்கு அனுமதி கிடைக்காது. ஆகவே முதல் போதகர் ஜான் டங்கன், டான்யூபின்மீது சங்கிலிப் பாலம் கட்ட வந்திருந்த பிரிட்டிஷ் தொழிலாளிகளுக்கு ஆன்மிகப் பணி செய்பவர் என்ற பெயரில் வந்து இறங்கினார். எபிரேயத்தில் அவருக்கிருந்த புலமைக்காக ஊரார் அவரை ‘ரபி’ டங்கன் என்றே அழைத்தார்கள்.

இங்கே முதல் பெரிய வேறுபாடு தெரிகிறது. சியோன் சபை யூதராகப் பிறந்தவர்கள் யூதர்களுக்காக நிறுவியது. ஸ்காட்டிஷ் மிஷன் யூதர்களைப் புத்தகத்தில் படித்தவர்கள் நிறுவியது. உள்ளிருந்து வந்தவர்களின் சபை மென்மையாகவும், வெளியிலிருந்து வந்தவர்களின் மிஷன் கடுமையாகவும் இருந்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். இரண்டு வீட்டு ஜெபங்களைப் பார்த்தால் அந்த எதிர்பார்ப்பு தலைகீழாகிறது. சியோன் கன்னியர் நாள்தோறும் திருப்பலியில், சிலுவையில் இயேசு தம்மைக் கொல்பவர்களுக்காகக் கேட்ட மன்னிப்பை மும்முறை பாடினார்கள். யூதர்களுக்காக உருகி எழுந்த ஜெபம்தான் அது. ஆனால் கொன்றவர்கள் யூதர்களே என்ற பழைய குற்றச்சாட்டு அந்த உருக்கத்துக்குள்ளேயே குடியிருந்தது. ஸ்காட்லாந்தார் கற்ற வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையும் யூதர்கள் அழைக்கப்பட வேண்டும் என்று ஜெபிக்கச் சொல்கிறது. ஆனால் அங்கே அழுத்தம் குற்றத்தில் இல்லை, வாக்குறுதியில் இருக்கிறது. கடவுள் இஸ்ரவேலைக் கைவிடவில்லை, முடிவில் அவர்களும் சேர்க்கப்படுவார்கள் என்ற பவுலின் ரோமர் நிருப நம்பிக்கையே அதன் வேர். ஒரு வீட்டில் யூதர் மன்னிக்கப்பட வேண்டியவர், இன்னொரு வீட்டில் காத்திருக்கப்பட வேண்டியவர். இரண்டிலுமே அவர் யூதராகவே நீடிப்பது ஒரு குறைதான்.

வழிமுறையில் மீண்டும் ஒற்றுமை. இரண்டு வீட்டாரும் பள்ளிக்கூடத்தையே நம்பினார்கள். இந்த வழி நமக்கும் பழக்கமானது. பெஸ்டுக்குப் போவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1837-இல், இதே ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. 1843-இல் ஸ்காட்லாந்தில் திருச்சபை உடைந்தபோது சென்னைப் பள்ளியும் பெஸ்ட் மிஷனும் ஒரே பக்கம் நின்று சுதந்திரத் திருச்சபைக்குப் போயின. ஆங்கிலம் வேண்டும், ஞானஸ்நானம் வேண்டாம் என்று சென்னைப் பெற்றோர் போட்ட கணக்கையே புடாபெஸ்ட் யூதப் பெற்றோரும் போட்டார்கள். நல்ல படிப்பு, அந்நிய மொழி, மற்றப் பள்ளிகளைவிடக் குறைவான அவமானம். மிஷனரியும் ஒரு கணக்கு வைத்திருந்தார்: இன்று படிப்பு, நாளை சுவிசேஷம். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துகொண்ட இந்த உடன்பாட்டில்தான் நூறாண்டு நட்பு வளர்ந்தது. பாரிஸிலும் பிற ஊர்களிலும் சியோன் கன்னியரின் பள்ளிகளில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே. மதம் மாறியவர்கள் கொஞ்சம், பழகிப்போனவர்கள் ஏராளம்.

இப்போது இரண்டையும் ஒரே தராசில் ஏற்றிய காலத்துக்கு வருவோம்.

யூத மிஷன் எதுவானாலும் அதன் அடியில் ஒரு வாக்கு இருக்கிறது: ஞானஸ்நானம் பெற்றால் நீ எங்களவன். ஐரோப்பிய யூதர் பலர் இந்த வாக்கை ஆன்மிகமாகவும், வேறு பலர் ஊரோடு ஒத்துப்போகும் வழியாகவும் எடுத்துக்கொண்டார்கள். இன அடிப்படையில் எழுந்த புதிய யூத வெறுப்பு செய்த முதல் வேலை இந்த வாக்கைச் செல்லாததாக்கியது. ஹங்கேரியின் 1938-ஆம் ஆண்டு முதல் யூதச் சட்டம் ஒரு தேதியைக் கோடாகக் கிழித்தது: 1919 ஜூலை 31-க்குப் பிறகு மதம் மாறியவர் யூதராகவே எண்ணப்படுவார். பிரான்ஸின் விஷி அரசும் 1941 ஜூன் மாதச் சட்டத்தில் தன் கோட்டைக் கிழித்தது. மூன்று தாத்தா பாட்டிகள் யூதரென்றால் எந்த மதத்தில் இருந்தாலும் யூதர். இரண்டு பேர் மட்டும் யூதரென்றால், 1940 ஜூன் 25-க்கு முன்பே வேறு மதத்தில் சேர்ந்திருந்தால் தப்பிக்கலாம்.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். எந்த நாள் வரை அருளப்பட்ட ஞானஸ்நானம் செல்லும், எந்த நாளிலிருந்து செல்லாது என்று அரசாங்க குமாஸ்தா தீர்மானிக்கிறார். தன் திருவருட்சாதனத்துக்கு அரசு காலாவதித் தேதி குறித்தபோது பெரிய திருச்சபைகள் என்ன செய்தன? ஹங்கேரியின் சீர்திருத்தத் திருச்சபைப் பேராயர் லாஸ்லோ ரவாஸ் நாடாளுமன்ற மேலவையில் முதல் இரண்டு யூதச் சட்டங்களுக்கும் ஆதரவாக வாக்களித்தார். மதம் மாறியவர்களை இனச் சட்டம் நேரடியாகத் தாக்கிய 1941-இல்தான் மேலவையில் இருந்த ஆயர்கள் எதிர்த்தார்கள். 1940 அக்டோபரில் விஷி அரசின் முதல் யூதச் சட்டம் வந்தபோது பிரான்ஸின் கத்தோலிக்க ஆயர்கள் வாய் திறக்கவில்லை. துலூஸ் பேராயர் சலியேழ், யூதர்களும் மனிதர்களே என்று சொல்லும் சுற்றுமடலை ஆலயங்களில் வாசிக்கச் செய்தது 1942 ஆகஸ்டில். குடும்பங்களைப் பிடித்து ரயிலேற்றத் தொடங்கிய பிறகு.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது மிஷன் வீடுகள் வேறு மாதிரித் தெரிகின்றன. தங்கள் திருச்சபைகளுக்குள்ளேயே யூதர்களை முகம் தெரிந்து, பெயர் தெரிந்து பழகியவர்கள் பெரும்பாலும் மிஷன்காரர்கள்தான். கருத்தளவில் யூதர் மாற வேண்டும் என்று மிக உறுதியாக நம்பியவர்களும் அவர்களே; ஆபத்து வந்தபோது யூதருக்குக் கதவைத் திறந்தவர்களும் அவர்களே. இதை முரண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. யூதரை மாற்ற விரும்புகிறவர் முதலில் யூதரோடு பேச வேண்டும், அவர் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும், அவர் வீட்டுக் கஷ்டத்தைக் கேட்க வேண்டும். மாற்றம் நிகழ்ந்ததோ இல்லையோ, சோறும் பேச்சும் நிகழ்ந்தன.

சோற்றைப் பற்றியே சொல்லலாம். வொரொஷ்மார்ட்டி தெரு மாணவியர் இல்லத்துக்கு 1932-இல் மேற்பார்வையாளராக வந்தவர் ஜேன் ஹெய்னிங். டம்ஃப்ரீஸ் பக்கத்து விவசாயி மகள். பெய்ஸ்லியில் நூல் தயாரிக்கும் கம்பெனியில் பத்தாண்டு செயலாளர் வேலை பார்த்துவிட்டு, கிளாஸ்கோவில் யூத மிஷன் பற்றிய ஒரு கூட்டத்தில் பேச்சைக் கேட்டு இந்த வேலைக்கு வந்தவர். யூதச் சிறுமியரும் கிறிஸ்தவச் சிறுமியரும் சேர்ந்தே தங்கிய விடுதி அது. 1939-இல் கார்ன்வாலில் விடுமுறையில் இருந்தபோது போர் வெடித்தது; உடனே புடாபெஸ்ட் திரும்பினார். 1940-இல் நாடு திரும்பச் சொல்லித் திருச்சபை உத்தரவிட்டபோது மற்றவர்கள் போனார்கள், அவர் மறுத்தார். பொருள் கிடைக்காத அந்த வருடங்களில் சந்தை நாட்களில் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, முதுகில் பை மாட்டிக்கொண்டு விடுதிக்கான காய்கறி வாங்கப் போவார். சிறுமியரின் செருப்புகள் தேய்ந்தபோது தன் தோல் பெட்டியை வெட்டி அடிப்பாகம் தைக்கக் கொடுத்தார். 1944 ஏப்ரல் 5 முதல் ஹங்கேரி யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்றானது. அந்தச் சிறுமியரின் உடையில் அதைப் பார்த்து அவர் அழுதார்.

அந்த அழுகை குற்றப்பத்திரிகையில் ஏறியது. ஏப்ரல் இறுதியில் கெஸ்டபோ அவரைப் பிடித்துப்போனபோது சாட்டிய குற்றங்களில் யூதரிடையே வேலை செய்தது, பிபிசி கேட்டது, பிரிட்டிஷ் போர்க் கைதிகளைப் பார்க்கப் போனது ஆகியவற்றோடு நட்சத்திரத்தைக் கண்டு அழுததும் ஒன்று. மே மாதம் ஆஷ்விட்ஸ். கையில் குத்திய எண் 79467. ஜூலை 15 தேதியிட்ட கடைசி அஞ்சலில் தோழி மார்கிட் ப்ரெமிடம் ஆப்பிளும் ரொட்டியும் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார். ஜூலை 17 அன்று இறந்ததாக முகாம் பதிவு சொல்கிறது. அந்த மே 15-க்கும் ஜூலை 9-க்கும் இடையில் மட்டும் ஹங்கேரியிலிருந்து ஏறத்தாழ 4,37,000 யூதர்கள் நாடு கடத்தப்பட்டார்கள்.

நோத்ர்-தாம்-தெ-ஷான் தெருவில் அருட்தந்தை தெயோமிர் தெவோ செய்தது குணத்தில் இதற்கு எதிரானது. ஹெய்னிங்கின் அறம் இருந்த இடத்தில் இருப்பது. தெவோவின் அறம் எதையும் ஓரிடத்தில் இருக்கவிடாதது. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸில் 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உட்படப் பதின்மூவாயிரம் யூதர்களைப் பிரெஞ்சுப் போலீஸ் வளைத்துப் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கதவைத் தட்டிய குழந்தைகள் அங்கே அதிக நாள் தங்கவில்லை. புதுப் பெயர், புதுத் தாள்கள், கிராமப்புறத்தில் ஒரு குடும்பம், மாதாமாதம் செலவுக்குப் பணம். கன்னியரும் தெரிந்த குடும்பங்களும் சேர்ந்த ஒரு சங்கிலி. இவ்விதமாக 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் தப்பினார்கள். நாஜி இனக் கொள்கையைத் தாக்கி எழுதிய தன் பத்திரிகைக்காக முன்பே கெஸ்டபோவின் கண்ணில் பட்டிருந்தவர் அவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தத் துணிச்சலின் அளவு தெரியும்.

ஒரே உத்தமர் பட்டியலில் இஸ்ரேலின் யூத இன அழிப்பு நினைவகமான யாத் வஷேம் இருவரையும் சேர்த்திருக்கிறது. ஆனால் ஒப்பிடுகிறவருக்குக் கூச்சம் தரும் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். தெவோவின் வழி உயிர்களைக் காத்தது. ஹெய்னிங்கின் வழி, காத்ததைவிட அதிகமாக, கூட இருந்தது. அவர் பிடிபட்டதால் எந்தச் சிறுமியும் ரயிலிலிருந்து தப்பவில்லை. புடாபெஸ்டில் எண்ணிக்கையில் பெரிய மீட்பு வேலையைச் செய்தவர்கள் வேறு சிலர். சீர்திருத்தத் திருச்சபையின் ‘நல்ல மேய்ப்பன்’ குழுவை நடத்திய யோஷெஃப் எலியாஷும், அதனோடு இயங்கிக் குழந்தைகள் இல்லங்களை நடத்திய லூத்தரன் போதகர் காபோர் ஸ்டெக்லோவும் அவர்களில் முக்கியமானவர்கள். அந்தக் குழுவும் மதம் மாறிய யூதர்களைக் கவனிக்கும் மிஷன் அமைப்பாகவே பிறந்தது என்பது இந்தக் கதையில் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இரண்டு ஊர்களிலும் அந்த மாதங்களில் ஞானஸ்நானத்தின் பொருள் தலைகீழானது. நூறாண்டாக மிஷன் கெஞ்சிக் கொடுக்கத் தயாராக இருந்த சான்றிதழைக் கேட்டு இப்போது மக்கள் வரிசையில் நின்றார்கள். நம்பி அல்ல, உயிருக்குப் பயந்து. நம்பிக்கையில்லாமல் கொடுப்பதா என்று தயங்கிய பாதிரிமார் உண்டு. நம்பிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெற்றுத் தாளில் முத்திரை குத்திக் கொடுத்தவர்களும் உண்டு. மறைந்து வாழ்ந்த யூதக் குழந்தைகள் பரமண்டல ஜெபத்தையும் சிலுவை அடையாளத்தையும் மனப்பாடம் செய்தார்கள். போலீஸ்காரன் கேட்டால் தடுமாறக் கூடாதே. மதம் மாற்ற வைத்திருந்த பாடங்கள் வேஷம் போடக் கைகொடுத்தன. வேஷம் எங்கே முடிகிறது, விசுவாசம் எங்கே தொடங்குகிறது என்பதை ஐந்து வயதுக் குழந்தையால் பிரித்துச் சொல்ல முடியாது. போருக்குப் பிந்தைய சிக்கல்கள் அனைத்தும் இங்கிருந்துதான் கிளைத்தன.

1945-க்குப் பிறகுதான் இரண்டு வீடுகளின் வழிகளும் உண்மையில் பிரிகின்றன.

1948-இல் கிளாஸ்கோவில் ஹெய்னிங் வழிபட்ட குவீன்ஸ் பார்க் ஆலயத்தில் அவர் நினைவாக இரண்டு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வைத்தார்கள். அதே ஆண்டு ஹங்கேரிக் கம்யூனிஸ்ட் அரசு சமயப் பள்ளிகளை எடுத்துக்கொண்டது. ஸ்காட்டிஷ் பள்ளியின் கதை அதோடு ஏறத்தாழ முடிந்தது. அதே 1948-இல் பிரான்ஸின் கிரெனோபிள் பகுதியில் இரண்டு சிறுவர்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. சியோன் சபையின் அடுத்த சோதனை அங்கே தொடங்கியது.

ரொபேர், ஜெரால் ஃபினாலி சகோதரர்களின் பெற்றோர் ஆஸ்திரியாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள். தகப்பனார் மருத்துவர். 1941-இலும் 1942-இலும், யூத அடையாளமே ஆபத்தாகிவிட்ட நாட்களில், இரண்டு மகன்களுக்கும் விருத்தசேதனம் செய்வித்தவர். தன் பிள்ளைகள் யாராக வளர வேண்டும் என்பதில் அவருக்கிருந்த உறுதிக்கு இதைவிட வேறு ஆவணம் தேவையில்லை. 1944 பிப்ரவரியில் தாயும் தகப்பனும் பிடிபட்டு ஆஷ்விட்ஸ் போனார்கள். அறிந்தவர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஒப்படைக்க முயன்றது கிரெனோபிளின் சியோன் மடத்தில். மிகச் சிறியவர்கள் என்பதால் மடத்தார் அவர்களை நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தை நடத்திய அந்துவானெத் புருன் என்பவரிடம் அனுப்பினார்கள். அவர் காப்பாற்றினார். போர் முடிந்து அத்தைமார் கேட்டபோது கொடுக்க மறுத்தார். ஞானஸ்நானமும் செய்வித்தார். திருச்சபைச் சட்டப்படி அதற்குப் பிறகு அவர்கள் கத்தோலிக்கர்கள். யூத உறவினரிடம் விடக் கூடாது. 1858-இல் பொலோன்யாவில் எட்கார்தோ மோர்த்தாரா என்ற யூதச் சிறுவனைப் போப்பின் போலீஸ் பெற்றோரிடமிருந்து பறித்ததும் இதே தர்க்கத்தில்தான்.

1953 ஜனவரியில் நீதிமன்றம் பிள்ளைகளை அத்தையிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தது. பிள்ளைகளைக் காணவில்லை. மடம் மடமாக, பெயர் மாற்றி, கடைசியில் பிரனீஸ் மலை தாண்டி ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்குக் கடத்தியிருந்தார்கள். கைதானவர்களில் கிரெனோபிள் சியோன் மடத் தலைவி மதர் அந்தோனினும் ஒருவர். நாஜி ஆக்கிரமிப்பில் யூதக் குழந்தைகளை ஒளித்துக் காத்தவரும் இவரே. புதுப் பெயர், இரவுப் பயணம், தெரிந்த குடும்பங்களின் சங்கிலி. போலீஸிடமிருந்து யூதக் குழந்தையை மறைக்கக் கற்ற வித்தை, யூத அத்தையிடமிருந்து யூதக் குழந்தையை மறைக்க அப்படியே பயன்பட்டது. எட்டு ஒன்பது ஆண்டு இடைவெளியில் அதே மடத்தின் அதே திறமை. தெரிந்தே தீமை செய்தார் என்று அவரைச் சொல்ல முடியாது. தன் பார்வையில் அவர் இரண்டு முறையும் உயிரைத்தான் காத்தார். இரண்டாம் முறை அது நித்திய உயிர். இதைத்தான் யூத உலகம் மன்னிக்க முடியாததாகக் கண்டது. யேசு சபைத் துறவி பியேர் ஷையேயும் பாரிஸின் தலைமை ரபி ஜாக்கோப் கப்லானும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்த பிறகு, ஜூன் மாதம் பிள்ளைகள் திரும்பினார்கள். ஜூலையில் இஸ்ரேலுக்கு விமானம் ஏறினார்கள். ரொபேர் தகப்பனைப்போலவே மருத்துவரானார்.

இதில் எனக்கு வியப்பளிப்பது அடுத்து நடந்தது. அவமானப்பட்ட சியோன் சபையே கத்தோலிக்க உலகில் யூதர்களைப் பற்றிய போதனையை மாற்றும் வேலையில் முன்னே நின்றது. வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஹங்கேரி யூதராகப் பிறந்து சியோன் குருவான பால் தெமான் பாரிஸ் வீட்டிலிருந்து நடத்திய ‘காயே சியோனியென்’ இதழ், கத்தோலிக்க மறைக்கல்விப் பாடநூல்களில் யூதரைப் பற்றி என்னென்ன இழிவுகள் அச்சாகியிருக்கின்றன என்று தேடிப்பிடித்து எழுதியது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘நோஸ்த்ரா எத்தாத்தே’ அறிக்கை, இயேசுவின் மரணத்துக்கு யூத இனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்றது. மும்முறை பாடிய அந்த மன்னிப்பு ஜெபம் சியோன் மடங்களில் நின்றுபோனது. யூதர்களை மதம் மாற்றுவதற்கென்று நிறுவன முறையிலான பணி எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்று 2015-இல் வத்திக்கானின் ஓர் ஆவணம் சொன்னது. சியோன் கன்னியர் இன்று விவிலியமும் யூத மரபும் கற்பிக்கிறார்கள். யூதரை யூதராகவே இருக்கவிட்டு.

புராட்டஸ்டண்ட் பக்கம் இவ்வளவு தெளிவான திருப்பம் இல்லை. 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பேரவை, யூத வெறுப்பு கடவுளுக்கும் மனிதனுக்கும் விரோதமான பாவம் என்று அறிவித்தது. அதே அறிக்கையில் யூதர்களுக்குச் சுவிசேஷம் சொல்லும் கடமையையும் வலியுறுத்தியது. சுவிசேஷம் சொல்லாமல் விடுவதே யூதரை ஒதுக்குவதாகும் என்பது சுவிசேஷகரின் வாதம். யூதரை இல்லாமலாக்க விரும்பும் அன்பு என்ன அன்பு என்பது யூதரின் பதில். யூத வெறுப்பு மறுபடி தலைதூக்கும் இந்த ஆண்டுகளிலும், ஜெப ஆலய வாசலில் ஆதரவாக வந்து நிற்கும் கிறிஸ்தவரைப் பார்த்து யூதர் மனதில் எழும் முதல் கேள்வி அதுதான்: எதற்காக வந்திருக்கிறீர்கள்?

இரண்டு வீடுகளுக்கும் இடையே இன்னொரு எதிர்பாராத உறவு உண்டு. இதுவரை யாரும் பெரிதாகப் பேசாததாலோ என்னவோ, எனக்கு மிகவும் பிடித்தது. பெஸ்ட் மிஷனின் முதல் அறுவடையில் ஒருவர், வியன்னாவில் பிறந்த யூத மாணவர் ஆல்ஃபிரட் எடர்ஷைம். டங்கனின் கையால் மனம் மாறி, போதகராகி, கடைசி ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டு போய்ச் சேர்ந்தார். ரபிகளின் நூல்களைக் கொண்டு இயேசுவின் வாழ்க்கையை 1883-இல் எழுதினார். பாரிஸ் சியோன் வீட்டில் தெமானோடு வேலை செய்தவர் கேஸா வெர்மெஷ். ஹங்கேரியின் மாக்கோ ஊர் யூதக் குடும்பம். ஊரில் பெருகிய யூத வெறுப்புக்குத் தப்ப, 1931-இல் பெற்றோர் அவரையும் சேர்த்துக் கத்தோலிக்கராயினர். 1944-இல் அந்த ஞானஸ்நானம் பெற்றோரைக் காப்பாற்றவில்லை. மகன் பிழைத்து, சியோன் குருவாகி, 1957-இல் விலகி, மெல்ல யூத அடையாளத்துக்குத் திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார். அவரும் ரபிகளின் நூல்களைக் கொண்டே இயேசுவைப் பற்றி எழுதினார், 1973-இல். எடர்ஷைமின் இயேசு யூத நூல்களின் வழியாக மேசியாவாக எழுகிறார்; வெர்மெஷின் இயேசு அதே நூல்களின் வழியாகக் கலிலேயா யூதராகத் தரையிறங்குகிறார். மிஷன் வீட்டின் வழியே ஒருவர் உள்ளே போனார், இன்னொருவர் வெளியே வந்தார். இருவரும் கையில் எடுத்துப்போன நூல்கள் ஒன்றே.

தராசில் கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சியோன் சபையிடம் 1953 கேட்ட கேள்வியை ஸ்காட்டிஷ் மிஷனிடம் யாரும் கேட்கவே இல்லை. ஹெய்னிங் இறந்துபோனார், பள்ளியும் போயிற்று. தியாகியிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. அவர் பிழைத்து வந்து, விடுதிக்கு அனாதையாகத் திரும்பிய ஒரு சிறுமியை வளர்த்து, ஐந்து வருடம் கழித்து டெல் அவீவிலிருந்து ஓர் அத்தையின் கடிதம் வந்திருந்தால்? யூதரிடையே சுவிசேஷப் பணி என்பதை முழு மனதோடு ஏற்று வந்தவர் அவர். அழுத குற்றத்துக்காக ஆஷ்விட்ஸ் போனவரும் அவர். கடிதத்துக்கு என்ன பதில் எழுதியிருப்பார் என்று அவரைப் பற்றி நாம் அறிந்த எதைக் கொண்டும் சொல்ல முடியாது. பிள்ளையைக் கொடுத்திருப்பார் என்றே நான் நினைக்க விரும்புகிறேன். மதர் அந்தோனினைப் பற்றியும் 1944-இல் அவரை அறிந்தவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.